மருதமுனைச் சாரனில் ஓர் இலத்திரன் சோடி

புதுச் சாரன் ஒன்று வீட்டுக்கு வந்தால் அந்த நாளில் அதை உடனே உடுக்க விடமாட்டார்கள். ஒரு வாளித் தண்ணீர், அதில் ஒரு கை உப்பு, இரவு முழுக்க ஊறல். காலையில் உம்மா வந்து தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். இலேசாகச் சிவந்திருந்தால் பரவாயில்லை. கடுஞ்சிவப்பாக இருந்தால் விற்ற கடைக்காரருக்கு ஏச்சு விழும். இதையெல்லாம் பாராமல் வெள்ளை உடுப்போடு சேர்த்துக் கழுவி, பெருநாளைக்குத் தைத்த சேட்டு ரோசா நிறமாகிப்போன கதை கல்முனைக் கரையில் வீட்டுக்கு ஒன்று இருந்தது.

இன்றைக்கு அந்த வாளியை யாரும் தேடுவதில்லை. சாரன் கடைப் பையிலிருந்து ஏறக்குறைய நேரே சலவை இயந்திரத்துக்குள் போகிறது. கழுவித் தரும் இயந்திரத்துக்கோ சவர்க்காரத் தூளுக்கோ இதில் பெரிய பங்கில்லை. நிறம் நூலில் தங்கும் விதமே மாறிவிட்டது. முன்பு சாயம் நூலில் ஒட்டிக்கொண்டிருந்தது, அல்லது நூலுக்குள் அடைபட்டுக் கிடந்தது. பிறகு வந்த சாயத்தில், சாயத்தின் ஒரு காபன் அணுவும் பருத்தியின் ஒரு ஒட்சிசன் அணுவும் ஒரு சோடி இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொண்டு, சாயமும் நூலும் ஒரே மூலக்கூறாகிவிடுகின்றன. தரம் 10, 11 பிள்ளைகள் பங்கீட்டு வலுப்பிணைப்பு என்று எழுதிப் புள்ளி வாங்கும் அதே சங்கதிதான், அவர்களின் வாப்பா உடுத்திருக்கும் சாரனிலும் நடந்திருக்கிறது.

மருதமுனையைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் போகும்போது பாண்டிருப்பைத் தாண்டினால் வரும் ஊர். கல்முனை மாநகர சபை எல்லைக்குள் இருந்தாலும் நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு அது தன் சொந்தப் பெயராலேயே அறிமுகம், கைத்தறியால். ஒரு காலத்தில் அந்த ஊரின் ஒழுங்கைகளில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். ஆண்கள் தறியில், பெண்கள் இராட்டையில், பிள்ளைகள் நூற்கழியைப் பிடித்துக்கொண்டு. 1970 முதல் 1977 வரை வெளிநாட்டுத் துணிக்கு இறக்குமதிக் கதவு இறுக்கி அடைபட்டிருந்த ஆண்டுகள் உள்நாட்டுத் தறிகளுக்கு நல்ல காலம். நெய்ததெல்லாம் விலைபோயிற்று. ஆனால் விலைபோனதெல்லாம் நிறம் நின்றதா என்றால், அது சாயம் போட்டவரின் கையையும் அவர் வாங்கிய சாயத்தின் இனத்தையும் பொறுத்தது.

சாயத்தை நூலில் நிறுத்துவது எவ்வளவு பழைய பாடு என்பதற்கு இந்த நாட்டிலேயே சாட்சி உண்டு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலத்தில் தோண்டி எடுத்த சாயவேரை ஒல்லாந்தர் தங்கள் ஏகபோகமாக வைத்துக் காசு பார்த்தார்கள். அந்த வேரில் சிவப்பைத் தருவது அலிசரின் என்ற பொருள். வேர்ச்சாற்றில் நூலை வெறுமனே நனைத்தால் அந்தச் சிவப்பு நிற்காது. முதலில் நூலைப் படிகாரத்தில் தோய்க்க வேண்டும். படிகாரத்தில் இருக்கும் அலுமினிய அயனுக்கு இலத்திரன் பற்றாக்குறை. ஒரு பக்கம் அலிசரினின் ஒட்சிசன் அணுக்கள், மறுபக்கம் பருத்தியின் ஒட்சிசன் அணுக்கள், இரண்டும் தம்மிடம் சும்மா கிடக்கும் தனிச்சோடி இலத்திரன்களை அலுமினியத்தோடு பகிர்ந்துகொள்ளும். பங்குக்குரிய இரண்டு இலத்திரன்களையும் ஒரே தரப்பு கொண்டுவரும் இந்த வகையை ஈதற் பிணைப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆக, நூறு நூறு ஆண்டுகளுக்கு முந்திய சாயக்காரரின் பானையிலும் பங்கீடு நடந்திருக்கிறது. நடுவில் ஓர் உலோகம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். படிகாரம் ஏன் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. வேண்டும் என்று தெரியும். எத்தனை தரம் தோய்ப்பது, எவ்வளவு நேரம் காயவிடுவது என்பதெல்லாம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போன கைப்பாடம்.

1868இல் பேர்லினில் கிரேபேயும் லீபர்மானும் அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து செய்து காட்டினார்கள். ஒரு சில ஆண்டுகளில் உலகமெங்கும் வேர் தோண்டும் தொழில் சரிந்தது. 1884இல் இன்னொரு பொருள் வந்தது, கொங்கோச் சிவப்பு. படிகாரமும் வேண்டாம், கடுக்காயும் வேண்டாம், உப்புப் போட்ட வெந்நீரில் சாயத்தைக் கரைத்து நூலை நேராக அமிழ்த்தினால் போதும். நேர்ச்சாயங்கள் என்ற பெரிய குடும்பமே அதன் பின்னால் வந்தது. மலிவு, இலகு, பளிச்சென்ற நிறம். கைத்தறி ஊர்களில் இவற்றுக்கு வரவேற்பு இருந்ததில் வியப்பில்லை.

உம்மாவின் உப்பு வாளிக்கு வேலை வைத்தவை இவைதான். நேர்ச்சாயத்தின் மூலக்கூறு நீளமாக, தட்டையாக இருக்கும். பருத்தி என்பது பெரும்பாலும் செலுலோசு, அதாவது குளுக்கோசு அலகுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி. அந்தச் சங்கிலியின் நீளத்துக்குச் சாய மூலக்கூறு படுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையில் ஐதரசன் பிணைப்புகளும் அதைவிட மென்மையான கவர்ச்சிகளும் மட்டுமே. ஓர் ஐதரசன் பிணைப்பை உடைக்க மோலுக்கு 20 கிலோயூல் அளவு சக்தி போதும். காபனும் ஒட்சிசனும் இலத்திரன் பங்கிட்டு அமைக்கும் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 360 வேண்டும். பல மென்பிணைப்புகள் சேர்ந்து பிடிப்பதால் சாயம் ஓரளவு நிற்கும். ஆனால் கழுவ வரும் தண்ணீரும் ஐதரசன் பிணைப்பு அமைப்பதில் கெட்டிக்காரன். சூடான தண்ணீரில் சவர்க்காரமும் சேர்ந்தால் சாயத்துக்கும் நூலுக்கும் நடுவே புகுந்து, சாயத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடும்.

உப்பு என்ன செய்தது? உப்பு மிகுந்த தண்ணீரில் இந்தச் சாயங்களுக்குக் கரைய விருப்பம் குறைவு. அதனால் அந்த இரவு நிறம் நூலிலேயே இருந்தது. அடுத்த கழுவலில் வெறும் தண்ணீர் பட்டதும் கிளம்பியது. உப்பு ஊறல் சாயத்தைப் பிடிக்க வைக்கவில்லை, ஒரு நாள் தவணை வாங்கிக் கொடுத்தது. எங்கள் வீடுகளில் தலைமுறையாக நம்பிச் செய்த காரியத்தை இப்படிச் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் இரசாயனம் அதைத்தான் சொல்கிறது.

நேர்ச்சாயம் ஓடும் என்று தெரிந்த நல்ல நெசவாளர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். தண்ணீரில் கரையவே கரையாத தொட்டிச் சாயங்கள். அவுரி அந்த இனம்தான். கரையாத பொருளை நூலுக்குள் எப்படிப் புகுத்துவது? எரிசோடாவும் ஐதரோசல்பைற்றும் போட்டு அதைத் தற்காலிகமாகக் கரையும் வடிவத்துக்கு மாற்றுவார்கள். அவுரித் தொட்டி அப்போது நீலமாக இருக்காது, மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். நூலை அமிழ்த்தி எடுத்துக் காற்றில் பிடித்தால் கண்ணுக்கு முன்னாலேயே பச்சை போய் நீலம் எழும்பும். காற்றின் ஒட்சிசன் அதைப் பழையபடி கரையாத பொருளாக்கிவிட்டது. இப்போது அது நூலின் உள்ளே மாட்டிக்கொண்டது. நூலோடு அதற்கு எந்தப் பங்கீடும் இல்லை, வெளியே வர வழியில்லாமல் இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் போகாத நிறம் இப்படித்தான் கிடைத்தது. உராய்ந்து உராய்ந்து தேயும், அது வேறு கதை. இந்தத் தொட்டியை நடத்துவது எல்லோருக்கும் வராது. சூடு கூடினால் கெடும், காரம் குறைந்தால் நிறம் திட்டுத் திட்டாக விழும், காற்றுப்பட்டால் சாயம் தொட்டியிலேயே வீணாகும். மணத்தையும் மேலே மிதக்கும் நுரையையும் பார்த்தே தொட்டியின் நிலையைச் சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கூலியும் கூட, மரியாதையும் கூட.

நூலுக்குள் வைத்தே இரண்டு பொருள்களைச் சேர்த்து நிறத்தை உண்டாக்கும் நப்தோல் சாயமும் இடையில் வந்தது. கடுஞ்சிவப்புக்கும் மரூன் நிறத்துக்கும் அதை விஞ்ச ஒன்றில்லை. ஆனால் இதுவும் சேரும் அசோச் சாயக் குடும்பத்தில் சில, புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாகச் சிதையக்கூடியவை என்று 1994இல் ஜேர்மனி தடை போட்டது. கொங்கோச் சிவப்பும் அந்த அமீன்களில் ஒன்றான பென்சிடினிலிருந்து வந்ததே.

இந்த இடத்தில் சாயக் கொட்டிலை விட்டு வகுப்பறைக்குப் போவோம். ஓர் அணு இலத்திரனைக் கொடுக்கிறது, மற்றது வாங்குகிறது, அதனால் இரண்டும் ஒன்றையொன்று கவர்கின்றன என்ற விளக்கம் கறியுப்புக்குச் சரியாகப் பொருந்தியது. ஐதரசன் வாயுவுக்குப் பொருந்தவில்லை. இரண்டு அணுக்களும் ஒரே மாதிரி. யார் கொடுப்பது, யார் வாங்குவது? கலிபோர்னியாவின் பேர்க்லியில் இருந்த கில்பர்ட் லூயிஸ் 1916இல் எழுதிய கட்டுரையில் இதற்கு விடை சொன்னார். யாரும் கொடுக்க வேண்டாம். ஆளுக்கு ஓர் இலத்திரன் போட்டு அந்தச் சோடியை இரண்டு பேரும் தங்களுடையதாக வைத்துக்கொள்ளலாம். பங்கீட்டு வலுவளவு என்ற கருத்துக்கு இன்று உலகம் வழங்கும் பெயரை 1919இல் வைத்தவர் ஏர்விங் லாங்மியர்.

எங்கள் ஊர்க் கலியாண வீட்டுச் சஹனை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஆறு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தச் சோறு யாருடையது என்று கேட்டால் ஆறு பேரும் எங்களுடையது என்றுதான் சொல்வார்கள். பிரித்து வைத்த தட்டில்லை. சஹனை விட்டு எழுந்து போனால்தான் பங்கு போகும், அதனால் சேர்ந்தே இருக்கிறார்கள். ஒருவர் கை கொஞ்சம் நீளம் என்றால் இறைச்சி அவர் பக்கம் கூடுதலாக நகரும். அணுக்களிலும் அப்படி உண்டு. ஒட்சிசன், குளோரின், நைதரசன் போன்றவை பங்கிட்ட சோடியைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். எதிரே இருக்கும் காபனுக்கு இலத்திரன் குறைந்து, அது சற்று நேரேற்றம் அடைந்துவிடும். இந்தக் குறையை மறந்துவிடாதீர்கள், சாரனுக்குச் சாயம் பிடிக்கப்போவது இதனால்தான்.

சோடியைப் பங்கிட்டால் ஏன் அணுக்கள் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்கு லூயிஸிடம் கணக்கு இருக்கவில்லை. 1927இல் ஹைட்லரும் லண்டனும் புதிய குவாண்டம் பொறிமுறையைக் கொண்டு ஐதரசன் மூலக்கூறுக்கு அந்தக் கணக்கைப் போட்டார்கள். இரண்டு கருக்களுக்கும் பொதுவான இடத்தில் இலத்திரன்கள் உலவும்போது மொத்தச் சக்தி குறைகிறது. மேலும் கிட்டப்போனால் கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். இழுப்பும் தள்ளலும் சமமாகும் இடம் 74 பிக்கோமீற்றர். அங்கிருந்து பிரிக்க மோலுக்கு 436 கிலோயூல். வகுப்பறைகளில் ஓர் அணுவின் இலத்திரனுக்குப் புள்ளியும் மற்ற அணுவின் இலத்திரனுக்குப் புள்ளடியும் போட்டு இதை வரைவிக்கிறார்கள். கணக்குப் பார்க்க நல்ல முறை. ஆனால் இலத்திரனில் அடையாளம் எதுவும் கிடையாது. பிணைப்பு அமைந்த பிறகு எது யாரிடமிருந்து வந்தது என்று அணுக்களைக் கேட்டாலும் விடை வராது.

இனிச் சாயத்துக்கு வரலாம். சாயத்தை நூலோடு நேரடியாகவே பங்கீட்டுப் பிணைப்பில் மாட்டிவிட முடியாதா என்பது சாய இரசாயனவியலாளர்களின் பழைய ஆசை. 1954இல் மான்செஸ்டரின் பிளாக்லியில் இருந்த ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் இயன் ராட்டியும் வில்லியம் ஸ்டீபனும் அதற்கு வழி கண்டார்கள். 1956இல் புரோசியன் என்ற பெயரில் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் சந்தைக்கு வந்தன. முதல் செயற்கைச் சாயமான மோவீனை வில்லியம் பேர்கின் கண்டுபிடித்து அப்போது சரியாக 100 ஆண்டு. லாங்கஷயர்த் துணி வந்து இறங்கி இந்தப் பக்கத்துத் தறிகளை ஓரங்கட்டிய வரலாறு நமக்குத் தெரியும். அதே பகுதியிலிருந்து கைத்தறிக்காரனுக்கு உதவும் ஒன்றும் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சாயத்தின் மூலக்கூறுக்கு இரண்டு பகுதி. ஒன்று நிறம் தரும் பகுதி. (நிறமே இலத்திரன் பங்கீட்டின் விளைவுதான். பல அணுக்களுக்கு மேலாகப் பரவிப் பகிரப்பட்ட இலத்திரன்கள் ஒளியின் ஒரு பங்கை விழுங்க, மிச்சம் நம் கண்ணுக்கு வருகிறது.) மற்றது கொளுவி. மூன்று காபனும் மூன்று நைதரசனும் மாறி மாறி அமைந்த ஒரு வளையம், அதில் இரண்டு குளோரின் அணுக்கள். நைதரசனும் குளோரினும் சோடிகளைத் தம் பக்கம் இழுப்பதால் குளோரினைத் தாங்கும் காபன் இலத்திரனுக்கு ஏங்கி நிற்கிறது. பருத்தியின் ஒவ்வொரு குளுக்கோசு அலகிலும் மூன்று ஐதரொட்சில் கூட்டங்கள் உள்ளன. காரம் போட்டால் அவற்றில் சில தம் ஐதரசனை அயனாக இழந்து, ஒட்சிசனில் மறையேற்றத்தோடும் தனிச்சோடிகளோடும் நிற்கும். அந்தச் சோடி ஏங்கி நிற்கும் காபனைத் தேடிப் போகிறது. புதிய பங்கீடு அமைகிறது. குளோரின் தன் பழைய பங்குச் சோடியை எடுத்துக்கொண்டு குளோரைட்டு அயனாக வெளியேறுகிறது. தண்ணீரில் இருக்கும் சோடியத்தோடு அதுவும் கறியுப்புக் கரைசலில் சேர்ந்துவிடும்.

பிணைப்பு உண்மையிலேயே அமைந்ததா, வெறும் ஒட்டா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. நேர்ச்சாயத்தைப் பருத்தியிலிருந்து உரித்து எடுக்கும் கரைப்பான்களில் இந்தத் துணியைக் கொதிக்க வைத்தால் நிறம் வராது. நூலைச் சிதைத்தால்தான் சாயம் வரும்.

கைத்தறி ஊருக்கு இதில் கிடைத்தது என்ன என்று பாருங்கள். புரோசியன் இனத்தின் முதல் சாயங்களுக்கு 30 முதல் 40 பாகைச் சூடு போதும். எங்கள் வெயிலில் வெளியே வைத்த தண்ணீரே அந்தச் சூட்டுக்குக் கிட்ட வந்துவிடும். விறகு வேண்டாம், அடுப்பு வேண்டாம், புகை இல்லை. ஒரு பெரிய பிளாஸ்ரிக் வாளி, கல்லுப்பு, சலவைச் சோடா, கிணற்றுத் தண்ணீர். உப்பு சாயத்தை நூல் பக்கம் தள்ளுகிறது. லீற்றருக்கு 30 முதல் 100 கிராம் வரை போடுவார்கள். சோடா கடைசியில்தான், நூல் சாயத்தை நன்றாகக் குடித்த பிறகு. அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கிளறிக்கொண்டிருந்தால் வேலை முடிந்தது. தொட்டியின் மணத்தை வைத்து நிலை சொல்லும் ஆளின் இடத்துக்குத் தராசும் மணிக்கூடும் வந்தன. நிறம் மாறாமல் அடுத்த கழியும் அதே நிறத்தில் வருவதற்கு நிறுத்துப் போட்டாலே போதும். பெண்கள் வீட்டு முற்றத்தில் வைத்தே செய்யக்கூடிய வேலை. ஆலைக்குரிய இரசாயனம் அடுப்பில்லாமல் வீட்டு வாளிக்குள் இறங்கி வந்த அபூர்வமான சந்தர்ப்பம் இது.

ஒரு குறை இருக்கிறது, அது சிறிய குறையல்ல. கொளுவியில் மாட்டக் காத்திருப்பது பருத்தி மட்டுமல்ல. வாளியில் இருக்கும் தண்ணீருக்கும் ஒட்சிசன் உண்டு, காரத்தில் அதுவும் மறையேற்றத்தோடு அலையும். சாயம் தவறித் தண்ணீரோடு பங்குபோட்டுக்கொண்டால் குளோரின் போய்விடும், கொளுவி மழுங்கிவிடும், இனி அந்த மூலக்கூறு பருத்தியோடு ஒருநாளும் சேராது. சாயத்தின் இனத்தைப் பொறுத்து நூற்றுக்கு 60 முதல் 90 வரைதான் நூலில் பிடிக்கும். மிச்சம் நூலில் சும்மா ஒட்டியிருக்கும், அல்லது தண்ணீரிலேயே நிற்கும். அதனால்தான் சாயம் போட்ட நூலைக் கொதிநீரிலும் சவர்க்காரத்திலும் பலமுறை அலச வேண்டியிருக்கிறது. விறகு மிச்சம் என்றோமே, இந்த அலசலில் அதில் ஒரு பங்கு திரும்பப் போய்விடுகிறது.

இப்போதும் சில புதுச் சாரன்கள் முதல் கழுவலில் நிறம் விடுகின்றன. விற்பவர் வாங்குகிறவரிடம், “புள்ள, முதல் தரம் தனியாக் கழுவுங்க, பிறகு போகாது,” என்று சொன்னால் அதைப் பொய் என்று நினைக்க வேண்டாம். வெளியே வருவது பிணைப்பு உடைந்த சாயமல்ல. பிணைப்பே அமையாமல், அலசலுக்கும் தப்பித் தங்கிவிட்ட சாயம். இதற்கு உப்பு ஊறல் எந்தப் பயனும் தராது. வெந்நீரும் சவர்க்காரமுமே மருந்து. பழைய வைத்தியத்தைப் புதிய நோய்க்குக் கொடுத்தால் அந்த வேண்டாத சாயம் இன்னும் சில நாள் தங்கி அடுத்த வெள்ளைச் சேட்டைக் கெடுக்கும்.

அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியை இந்தக் கரையில் இருப்பவர்கள் கேட்டே ஆக வேண்டும். எங்கள் நிலம் மணல். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒடுங்கிய மணற்றிட்டு. கிணறுகள் ஆழமற்றவை. முற்றத்தில் ஊற்றும் தண்ணீர் கிணற்றை எட்ட அதிக நாள் எடுக்காது. உப்பும் சோடாவும் நிறமும் நிறைந்த தண்ணீரை மணலில் ஊற்றினால் நிறத்தை மணல் கொஞ்சம் பிடித்துவைக்கும், உப்பைப் பிடிக்காது. தமிழ்நாட்டில் திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றுக்குச் செய்ததை எல்லோரும் அறிவார்கள். அங்கே 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலைக்குப் போனது. மருதமுனையில் நடப்பது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அளவு சிறியது என்பதற்காக இரசாயனம் வேறாகிவிடுமா? சாயம் போகாத தன்மையை விலை கொடுத்து வாங்கினோம். விலையின் ஒரு பகுதி கிணற்றடியில் இருக்கிறது.

போகாத சாயம் என்றாலும் மங்காத சாயம் அல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கறை போக்க வெளிற்றும் திரவம் ஊற்றிய இடத்தில் சாரன் வெளுத்துப்போனால், நூலோடு இருந்த பிணைப்பு அறுந்தது என்று அர்த்தமில்லை. நிறம் தரும் பகுதியில் இரண்டு நைதரசன் அணுக்களுக்கு இடையே இருக்கும் இரட்டைப் பிணைப்பை அந்தத் திரவம் சிதைத்துவிட்டது. மிச்ச மூலக்கூறு நூலைப் பிடித்தபடியே இருக்கிறது, நிறத்தை மட்டும் இழந்துவிட்டது. வயலிலும் தோணியிலும் நாள் முழுக்க வெயில் குடிக்கும் சாரன் மங்குவதும் ஏறத்தாழ இப்படியே. நூலோடான பிணைப்பும் சாகாவரம் பெற்றதல்ல. முதல் புரோசியன் சாயங்களின் பிணைப்பை அமிலம் மெல்ல அறுக்கும். பின்னால் வந்த வைனைல் சல்போன் இனத்தின் பிணைப்புக்குக் காரம் எதிரி. இரண்டு வகைக் கொளுவியையும் ஒரே மூலக்கூறில் வைத்துச் சாயம் செய்யும் வழக்கம் அதன் பிறகு வந்தது.

1977க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்தது. ஆலைத் துணியும் வெளிநாட்டுச் சாரனும் கொட்டின. தறிகள் குறைந்தன, சிலர் மின்தறிக்கு மாறினார்கள், பலர் கடல்கடந்து மத்திய கிழக்குக்குப் போனார்கள். போர் ஆண்டுகள் நூல் வரும் பாதையையும் துணி போகும் பாதையையும் அடைத்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்தபோது நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனைக் கரையில் வீடுகளோடு தறிகளும் போயின. உதவி நிறுவனங்களின் கையால் சில தறிகள் திரும்ப வந்தன. கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் குறைவு.

ஆனால் தறியை ஓரங்கட்டியதில் வேறொரு பங்கீட்டுப் பிணைப்புக்கும் கை இருக்கிறது. 1941இல் லாங்கஷயரில் வின்ஃபீல்டும் டிக்சனும் தெரெத்தலிக் அமிலத்தையும் எதிலீன் கிளைக்கோலையும் சேர்த்துப் பொலியெஸ்டர் இழையைச் செய்தார்கள். பருத்தியின் சங்கிலியைச் செடி கோத்தது. இதன் சங்கிலியை ஆலை கோத்தது. காபனும் ஒட்சிசனும் பங்கிடும் எஸ்டர் பிணைப்பு ஒவ்வொரு கண்ணியிலும். இந்த இழையில் சாயம் பிடிக்கும் ஐதரொட்சில் கூட்டங்கள் வரிசையாக இல்லை. வாளிச் சாயத்துக்கு இங்கே மாட்ட இடமே கிடையாது. அதற்குப் பதிலாக, தண்ணீரில் நுண்ணியதாகப் பரவும் சாயத்தோடு 130 பாகைக்கு அழுத்தத்தில் சூடாக்குவார்கள். இழை தளர்ந்து சாயத்தை உள்ளே வாங்கும், ஆறியதும் மூடிக்கொள்ளும். எந்தப் பங்கீடும் இல்லை, ஆனாலும் நிறம் அசையாது. நூற்றாண்டுகளுக்கு முந்திய அவுரித் தொட்டியின் உபாயம் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது.

எனக்கு இங்கேதான் உறுத்தல். 1956இன் சாயம் இரசாயனத்தை ஊருக்குள் கொண்டுவந்தது. பிணைப்பு மருதமுனைப் பெண்ணின் வாளியில் அமைந்தது, அவர் கையால் சோடா போட்ட நேரத்தில். பொலியெஸ்டரில் எல்லாப் பங்கீடும் ஆலையில் முடிந்து, நிறமும் ஏறி, துணியாகவே வந்து இறங்குகிறது. 130 பாகை அழுத்தக் கலத்தை எந்த முற்றத்தில் வைப்பது? கடற்கரையிலும் இதே கதைதான். பருத்தி வலைக்குப் பட்டை காய்ச்சித் தோய்த்த கைகளுக்கு நைலோன் வலையில் வேலை இல்லை, சுனாமிக்குப் பின் நிறைந்த ஃபைபர் தோணிகள் மரத்தச்சரைத் தேடவில்லை. வலை நல்ல வலை, தோணி நல்ல தோணி. அதை மறுக்கவில்லை. செய்முறை மட்டும் ஊரை விட்டுப் போய்விட்டது.

எங்கள் பாடசாலைகளின் இரசாயன வகுப்புகளில் ஐதரசனும் மெதேனும் அமோனியாவும் வரைந்து முடிகின்றன. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு வண்டிப் பயணத் தூரத்தில் சாயவாளிகள். சாயத்தில் எவ்வளவு தண்ணீரோடு போய்விடுகிறது, கிணற்று நீரின் சுண்ணாம்பு நிறத்தை எவ்வளவு மாற்றுகிறது, உப்பைக் குறைத்து அதே நிறத்தை எடுக்க முடியுமா என்பதெல்லாம் உயர்தர மாணவர் ஒருவரே வாளியும் தராசும் வைத்துத் தொடங்கக்கூடிய ஆய்வுகள். புள்ளியையும் புள்ளடியையும் கொப்பியில் போட்டுப் பழகியவருக்கு அதைச் சொந்தச் சாரனில் பார்ப்பது கூடுதல் சுமையாகிவிடாது.

வாங்கும்போது எதைக் கவனிப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சாரனின் ஓரத்தில் தொங்கும் நூல் ஒன்றைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி என்றால் கடுதாசி எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் தீயைக் கண்டு சுருங்கும், உருகும், ஆறியதும் நுனியில் கடினமான கறுத்த முத்து நிற்கும். இரண்டும் கலந்த நூலில் இரண்டு குணமும் தெரியும், கலப்புத்தான் இப்போது கடைகளில் அதிகம். பிறகு வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை நனைத்து, மடிப்பில் பத்துத் தரம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஆய்வுகூடத்திலும் இதைத்தான் செய்கிறார்கள், தேய்க்கும் விசையை அளந்து, கறையைச் சாம்பல் நிற அளவுகோலில் 1 முதல் 5 வரை மதிப்பிட்டு. பருத்திச் சாரன் அந்தத் துண்டில் நிறம் விடாவிட்டால் அலசியவர் நேர்மையாக அலசியிருக்கிறார். அப்படிப்பட்ட மருதமுனைச் சாரனுக்குக் கேட்கும் விலையைப் பேரம் பேசிக் குறைக்க வேண்டாம்.